வெயிட் எவ்வளவு என்று கேட்டால்

போன வாரம் உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு பையன் போன் பண்ணினான். வயது 19, உயரம் 3 அடி 8 அங்குலம். "அண்ணே, ஒரு ஏஜென்ட் கூப்பிட்டாரு. படத்துல ஒரு சீனாம். போகலாமாண்ணே?" என்றான். என்ன சீன் என்று கேட்டேன், தெரியவில்லை. சம்பளம் எவ்வளவு என்றேன், அதுவும் தெரியவில்லை. "உயரம் என்ன, வெயிட் எவ்வளவுன்னு மட்டும் கேட்டாருண்ணே."

வெயிட்டைக் கேட்டால் தூக்கப் போகிறார்கள் என்று அர்த்தம்.

அவனிடம் முக்கால் மணி நேரம் பேசியதை, நம்மைப் போன்ற மற்ற தம்பி தங்கச்சிகளுக்கும் ஆகட்டும் என்று இங்கே எழுதுகிறேன். எனக்கு ஊர் வாடிப்பட்டிப் பக்கம். வயது 47, உயரம் 3 அடி 9. திருவிழாவில் விடிய விடிய நடக்கிற ஸ்பெஷல் நாடகத்தில் பபூன், கல்யாண ரிசப்ஷன் வாசலில் ஜோக்கர், மதுரை தமுக்கம் மைதானத்தில் சித்திரைப் பொருட்காட்சி நடக்கும்போது ஸ்டால் விளம்பரம், அப்புறம் 11 படங்கள். அந்த 11-இல் 7 படத்தில் எனக்கு வாயைத் திறக்கிற வேலையே இல்லை. 4 படத்தில் தூக்கி எறிந்திருக்கிறார்கள்.

போன் வந்ததும் கேட்க வேண்டியது மூன்றுதான். வசனம் உண்டா? யாரோடு சீன்? தூக்குவது, எறிவது, டிரம்முக்குள் போடுவது ஏதாவது உண்டா? முதல் இரண்டுக்கும் "ஸ்பாட்டுல சொல்றோம்" என்றால் விட்டுவிடலாம், அவருக்கே தெரியாமல் இருக்கும். மூன்றாவதுக்குப் பதில் வராமல் பஸ் ஏறாதே.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், 2009-இல் சோழவந்தான் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் ஷூட்டிங். என்னைத் தூக்கி வைக்கோல்போரில் போட வேண்டும். மூன்று டேக் நன்றாகத்தான் போனது. நாலாவது டேக்கில் வைக்கோல் விலகியிருந்ததை யாரும் பார்க்கவில்லை. இடுப்பெலும்பு நேராகத் தரையில். மேனேஜர் ஒரு அட்டை வலி மாத்திரையும் 500 ரூபாயும் கொடுத்து வேனில் ஏற்றிவிட்டார். மூன்று மாதம் இடது கால் மரத்துக் கிடந்தது. அப்போதுதான் டாக்டர் படத்தைக் காட்டி விளக்கினார். நம்மில் நிறையப் பேருக்கு இருப்பது அகோண்ட்ரோபிளேசியா என்கிற எலும்பு வளர்ச்சிக் குறை. இதில் தண்டுவடம் போகிற குழாயே குறுகலாக இருக்கும். மற்றவன் விழுந்தால் வீங்கி வடிந்துவிடும்; நமக்கு நரம்பு நசுங்கிக் காலே போகலாம்.

அன்றிலிருந்து பையில் டாக்டர் சீட்டு ஒன்றை வைத்திருக்கிறேன். "தூக்கவோ எறியவோ கூடாது" என்று எழுதி, கையெழுத்து, சீல் எல்லாம் போட்டது. மேக்கப் போடுவதற்கு முன்னாலேயே கோ-டைரக்டரிடமும் ஃபைட் மாஸ்டரிடமும் காட்டிவிட வேண்டும். அரிதாரம் ஏறின பிறகு ஒருத்தர் காதிலும் ஏறாது. "எனக்கு மரியாதையா இல்ல சார்" என்று சொல்லிப் பார்த்திருக்கிறேன், "ரொம்பப் பேசுறான்" என்றார்கள். சீட்டைக் காட்டினால் "சரி சரி, டம்மி வச்சுக்கலாம்" என்கிறார்கள். வருத்தமான விஷயம்தான். ஆனால் சீட்டு வேலை செய்கிறது.

அடுத்தது கேலி. உயரத்தை வைத்து ஜோக் வந்தால் நடிக்கவே மாட்டேன் என்று சொல்லச் சொல்ல மாட்டேன். நானே 20 வருஷமாக அந்த ஜோக்கை வைத்துச் சோறு தின்கிறேன். ஸ்பெஷல் நாடகத்தில் ராத்திரி முதலில் மேடைக்கு வருகிறவன் பபூன். ராஜபார்ட், அதாவது கதாநாயக வேஷக்காரர், உயரத்துக்கு மைக் நிற்கும். நான் அதை அண்ணாந்து பார்த்துவிட்டு ஆர்மோனியக்காரரிடம், "ஏண்ணே, இது நான் பேசப் போட்டதா, மேல பிளேன்ல போறவன் பேசப் போட்டதா?" என்பேன். கூட்டம் சிரிக்கும். யாரைப் பார்த்து? மைக் போட்டவனைப் பார்த்து. அவன் ஓடிவந்து இறக்குவான். அதோடு உயரம் முடிந்தது. விடியும்வரைக்கும் ரேஷன் கடை, மாமியார், பஞ்சாயத்து பிரசிடெண்ட் என்று வேறு சரக்குதான்.

சினிமாவில் இதே சிரிப்புக்குக் கயிறு வேறு ஆள் கையில் இருக்கும். 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம், படங்களில் மாற்றுத்திறனாளிகளைக் காட்டுவது பற்றிய ஒரு வழக்கில் கிட்டத்தட்ட இதையேதான் சொன்னது: இழிவு செய்கிற நகைச்சுவை வேறு, இயலாமையைப் புரியவைக்கிற நகைச்சுவை வேறு. பபூன் வேஷம் போட்ட எவனும் இதைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வான்.

வசனம் பிடிக்கவில்லை என்றால் "எடுத்துடுங்க சார்" என்று கேட்காதே. எடுக்க மாட்டார்கள், உன்னைத்தான் எடுத்துவிடுவார்கள். பதிலுக்கு ஒரு வரி கொண்டு போ. 2018-இல் ஒரு படத்தில் ஹீரோவின் நண்பர் என்னை "டேய் முக்கா" என்று கூப்பிட வேண்டும். நான் பேசாமல் முழிக்க வேண்டும், அவ்வளவுதான். டீ பிரேக்கில் கோ-டைரக்டரிடம் போய், "சார், நான் முழுசாத்தான் கிளம்புனேன், கால் பங்கு ஜிஎஸ்டில போயிருச்சுன்னு சொல்லட்டுமா?" என்றேன். அவர் சிரித்து, டைரக்டரிடம் சொல்லி, அவரும் சிரித்து, மறுநாளும் கால்ஷீட் வந்தது. டீ பிரேக்தான் சரியான நேரம். லைட் போகிற சாயங்காலத்தில் போய் நிற்காதே.

என்ன மாதிரி வேஷம் வரும் என்று பையன் கேட்டான். திருடனுக்குக் கையாள் ("கள்ளனை நம்பினாலும் குள்ளனை நம்பாதே" என்று பழமொழியே இருக்கிறதே), பேய், தொட்டிலில் குழந்தை, பரிசுப் பெட்டிக்குள்ளிருந்து குதிக்கிறவன். பழைய வழக்கம்தான். சிலப்பதிகாரத்தில் நம்ம மதுரைப் பாண்டியன் மனைவியைச் சுற்றி நடந்து வருகிற கூட்டத்திலேயே கூனும் குறளும், அதாவது கூன் விழுந்தவர்களும் குள்ளர்களும், உண்டு. அன்றைக்கு ராணி பின்னால், இன்றைக்கு ஹீரோ பின்னால்.

1989-இல் அபூர்வ சகோதரர்கள் வந்தபோது எனக்குப் பத்து, பதினோரு வயது. கமல் முழங்காலை மடக்கி நடித்த அந்த அப்பு வந்த பிறகு ஊரில் என்னை அப்பு என்று கூப்பிடாத ஆள் இல்லை. உயரம் குறைந்தவனும் காதலிப்பான், கோபப்படுவான், பழிவாங்குவான் என்று அந்தப் படம் காட்டியதில் எனக்குச் சந்தோஷம்தான். அந்த இடத்தில் நிஜமான ஒருத்தர் நிற்பதை நான் பார்க்க ரொம்ப வருஷம் ஆனது. கேரளத்தின் கின்னஸ் பக்ரு 2005-இல் கதாநாயகனாகவே நடித்தார், 2013-இல் ஒரு படத்தை இயக்கவும் செய்தார். அவர் உயரம் 76 சென்டிமீட்டர். நீயும் நானும் அவர் பக்கத்தில் நெட்டை.

வேறு வேஷம் வேண்டுமென்றால் வேறு போட்டோ வேண்டும். ஜோக்கர் டிரஸ்ஸில் எடுத்த படத்தை அனுப்பினால் ஜோக்கர் வேஷம்தான் வரும். கோட் போட்டு, கண்ணாடி போட்டு, சட்டை வேட்டியோடு என்று மூன்று எடு. எடுக்கிறவரைக் குத்தவைத்து உட்காரச் சொல். கேமரா உன் கண் மட்டத்தில் இருக்க வேண்டும். மேலேயிருந்து எடுத்தால் 47 வயது ஆளும் குழந்தை மாதிரி வருகிறான்.

கோட் ரெடிமேடில் கிடைக்காது. குழந்தை சைஸ் தோளில் ஏறாது, பெரிய சைஸில் கை முழங்காலைத் தாண்டும். எனக்கு மார்பு 38, கை 14 அங்குலம். மீனாட்சி கோயில் பக்கத்துப் புதுமண்டபத்தில் அழகர் வேஷத்துக்குத் துணி தைத்துக்கொண்டிருந்த டெய்லர் ஒருத்தர், கடைகளைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றிய பிறகும் எனக்குத் தைக்கிறார். அந்தக் கோட்டோடு எடுத்த போட்டோவால்தான் ஒரு விளம்பரத்தில் பேங்க் மேனேஜராக உட்கார்ந்தேன்.

ரிசப்ஷன் வேலையைக் கேவலமாக நினைக்காதே, மாத வாடகை அதில்தான் வருகிறது. ஆனால் பாதிப் பணம் முன்னாலேயே ஜீபேயில் வந்துவிட வேண்டும். மூன்று மணி நேரத்துக்கு மேல் நிற்க முடியாது, நாற்காலி வேண்டும், சாப்பாடு முதல் பந்தியில். செல்ஃபிக்கு இடுப்பில் தூக்கிவைக்க ஒரு மாமா கட்டாயம் வருவார். மேடை ஆள் ஒருத்தரைக் கூடவே நிற்கச் சொல். நாலு பேர் பார்க்க வேண்டுமென்றே அவமானப்படுத்தினால் 6 மாதம் முதல் 5 வருஷம் வரை சிறை என்று 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இருக்கிறது. கல்யாண வீட்டில் அதைச் சொல்லிக்கொண்டிருக்க முடியாது, ஆனால் தெரிந்து வைத்துக்கொள். தங்கச்சிகள் தனியாகப் போகவே வேண்டாம், கூட வருகிறவருக்கும் பேட்டா சேர்த்துப் பேசுங்கள்.

அதே சட்டத்தில்தான் 147 சென்டிமீட்டருக்குள் இருக்கிற பெரியவர்கள் மாற்றுத்திறனாளிகள் என்று சேர்த்தார்கள். பெரியாஸ்பத்திரியில் சான்றிதழ் வாங்கி அடையாள அட்டை எடுத்துவிடு. அதில் ஊனம் 40 சதவீதம் என்று இருந்தால்தான் பல சலுகைகள் வரும்.

பையன் மறுநாளே ஏஜென்ட்டிடம் கேட்டிருக்கிறான். கிணற்றுக்குள் எறிகிற சீனாம். மாட்டேன் என்றானாம், அவர் போனை வைத்துவிட்டாராம். இன்னும் திரும்பக் கூப்பிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவனை டெய்லரிடம் கூட்டிப்போகிறேன். துணியும் தையலுமாக 3,000 ஆகும் என்றார், பாதியை நான் போடுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.