பெரிய மேடை, சன்மானம் இல்லை: ஒத்துக்கொள்ளும் முன் செய்யும் தவறுகள்

பல துறைக்காரர்கள் மேடையேறிச் சிறு உரைகள் நிகழ்த்தும் டெட் (TED) மாநாட்டில் பேசுகிறவர்களுக்குச் சன்மானம் கிடையாது. இதை அவர்கள் மறைப்பதும் இல்லை. பயணச் செலவு, நல்ல ஓட்டல் அறை, மாநாடு முழுவதும் உட்கார்ந்து கேட்க அனுமதி, அவ்வளவுதான். அதே அரங்கில் பார்வையாளராக உட்கார, மாநாடு கனடாவின் வான்கூவரில் நடந்தபோது சாதாரண டிக்கெட்டே 10,000 டாலருக்குப் போயிருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் யாருக்கும் இது சுரண்டல்தானே என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்வி. ஆனால் நம்மில் பலர் அதை மேடையை விட்டு இறங்கி வந்த பிறகுதான் கேட்கிறோம்.

முதல் தவறு, 'லாப நோக்கமற்ற அமைப்பு' என்றதும் கணக்குப் பார்ப்பதை விட்டுவிடுவது. ரிச்சர்ட் சால் வர்மனும் ஹாரி மார்க்ஸும் 1984இல் தொடங்கிய டெட், 2001இல் கிறிஸ் ஆண்டர்சனின் அறக்கட்டளையின் கைக்கு வந்தது. அறக்கட்டளை என்பதால் பணமே புழங்காது என்று அர்த்தமில்லை. அரங்குக்கு வாடகை உண்டு. கேமரா பிடிப்பவருக்கும் சாப்பாடு போடுபவருக்கும் கூலி உண்டு, உண்டாகவும் வேண்டும். யாருடைய பேச்சைக் கேட்கக் கூட்டம் வருகிறதோ அவருக்கு மட்டும் ஏன் இல்லை?

டெட் தரப்பில் இதற்கு ஒரு பதில் இருக்கிறது, அதை நான் பாதி ஏற்கிறேன். 2006 முதல் உரைகளை இணையத்தில் யாரும் இலவசமாகப் பார்க்கலாம். ஓர் ஆய்வாளரின் பத்து வருட உழைப்பு ஒரே உரையில் லட்சக்கணக்கானவர்களைப் போய்ச் சேர்வது சின்ன விஷயமில்லை. ஏற்க முடியாத பாதி இதுதான்: பேராசிரியர் ஒரு வாரம் மாநாட்டுக்குப் போய் வந்தாலும் மாதச் சம்பளம் வந்துவிடும். நிறுவனத் தலைவருக்கு அந்த மேடையே விளம்பரம். தனியாக எழுதிப் பிழைப்பவருக்கும், நாடகக்காரருக்கும், ஊரில் சின்ன அமைப்பு நடத்தும் பெண்ணுக்கும் அந்த ஒரு வாரம் வருமானம் இல்லாத வாரம். சன்மானம் இல்லை என்ற விதி எல்லோருக்கும் ஒன்றுதான், அதன் பாரம் ஒன்றல்ல. யாரால் சும்மா பேச முடிகிறதோ அவர்கள் குரலே மேடைகளில் திரும்பத் திரும்பக் கேட்கும். தனி ஒருவருக்குப் பணம் கிடைக்காததைவிட எனக்கு இதுதான் பெரிய வருத்தம்.

அடுத்தது, எல்லாவற்றிலும் பெரிய தவறு: டெட்டுக்குப் பொருந்தும் நியாயத்தை எல்லா மேடைக்கும் பொருத்துவது. 'டெட்டிலேயே பணம் தருவதில்லையே' என்று சொல்லி அழைக்கும் எல்லோரிடமும் அந்த வீச்சு இல்லை. 2009இல் தொடங்கிய டெட்எக்ஸ் வேறு. டெட்டிடம் உரிமம் வாங்கிக்கொண்டு உள்ளூர்த் தன்னார்வலர்கள் நடத்துவது அது. நம் ஊர்க் கல்லூரிகளிலும் நடக்கிறது. நடத்துபவர்களும் சம்பளமில்லாமல்தான் உழைக்கிறார்கள் என்பதால் அதைச் சுரண்டல் என்று எளிதில் சொல்ல மாட்டேன். அங்கே பேச்சாளருக்குப் பணம் தரக் கூடாது, பேச்சாளரிடம் வாங்கவும் கூடாது. மேடை தருகிறோம், கட்டணம் கட்டுங்கள் என்று யாராவது கேட்டால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். ஆளுக்குப் பல ஆயிரம் டிக்கெட் வைத்து, ஸ்பான்சரும் பிடித்து, பேச்சாளருக்கு மட்டும் 'உங்களுக்கு நல்ல அறிமுகம் கிடைக்கும்' என்று சொல்லும் தனியார் மாநாடுதான் அப்பட்டமான சுரண்டல். அப்படிச் சொன்னால், போன வருட உரைகளை எத்தனை பேர் பார்த்தார்கள் என்று நீங்களே போய்ப் பாருங்கள்.

டெட் உரைக்கு உச்ச வரம்பு 18 நிமிடம். அவ்வளவுதானே என்று நினைப்பதும் தவறு. எழுதி, வெட்டி, ஒத்திகை பார்க்க வாரக்கணக்கில் ஆகும். அந்த நாட்களையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

காணொளி உரிமைக்கான படிவத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடுகிறவர்கள் ஏராளம். டெட் உரைகளை, பெயர் குறிப்பிட்டு, மாற்றாமல், வணிக நோக்கமின்றி யாரும் பகிரலாம். அது வெளிப்படையான ஏற்பாடு. மற்ற இடங்களில் அதே உரையை வேறு மேடையில் பேசலாமா, காணொளியின் பிரதி கிடைக்குமா, கட்டணம் வைத்து விற்பார்களா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

கேட்கக் கூச்சப்படுவது நம்மிடம் ஊறிப்போன தவறு. பொன்னாடையும் நினைவுப் பரிசும் வாங்கிக்கொண்டு பஸ் காசைக் கையிலிருந்து போட்டுத் திரும்பி வருகிறோம். 'சன்மானம் எவ்வளவு தருவீர்கள்? மற்ற பேச்சாளர்களுக்கும் இதே ஏற்பாடுதானா?' இரண்டே வரி. இதைக் கேட்டதற்காக ஒருவர் அழைப்பைத் திரும்பப் பெற்றால், போன பிறகு நம்மை எப்படி நடத்தியிருப்பார்கள் என்பது முன்பே தெரிந்துவிடும்.

வழிச்செலவைப் பிறகு தருகிறோம் என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். ரயில் டிக்கெட்டை அவர்களையே எடுத்துத் தரச் சொல்லுங்கள். ரசீதை அனுப்பிவிட்டு நான்கு மாதம் போன் மேல் போன் போட்டவள் நான். அந்தப் பணம் இன்னும் வரவில்லை.