பார்மசிஸ்ட் லைசென்ஸ் எக்ஸாமுக்கு கேள்வி எடுக்கறவங்களுக்கு: நியாயமா எடுக்கறது எப்படி

டி.பார்ம், அதாவது பார்மசி டிப்ளமோ முடிச்சவங்க பார்மசிஸ்டா ரிஜிஸ்டர் பண்றதுக்கு முன்னாடி எக்ஸிட் எக்ஸாம் பாஸ் பண்ணணும்னு பார்மசி கவுன்சில் ஆஃப் இந்தியா 2022ல ரெகுலேஷன் கொண்டு வந்தாங்க, முதல் எக்ஸாம் 2024 அக்டோபர்ல நடந்துச்சு. மூணு பேப்பர், எல்லாமே அப்ஜெக்டிவ், ஒவ்வொரு பேப்பர்லயும் 50 சதவீதம் வேணும். அதுல இருந்து காலேஜ்ல நாங்களே மாக் டெஸ்டுக்கு கேள்வி எடுக்க ஆரம்பிச்சோம், எடுக்க எடுக்கத்தான் இது எவ்வளவு பொறுப்பான வேலைன்னு புரிஞ்சுது. ரெண்டு வருஷம் படிச்ச பிள்ளைக்கு வேலை கிடைக்குமா கிடைக்காதாங்கறது நம்ம எழுதற நாலு வரியில இருக்கு.

நியாயமான கேள்வின்னா என்னன்னு முதல்ல மனசுல வச்சுக்கோங்க. ஒருத்தர் தப்பா போட்டா அவருக்கு அந்த மருந்து விஷயம் தெரியலைங்கறது மட்டும்தான் காரணமா இருக்கணும். கேள்வி புரியலை, வார்த்தை குழப்பிடுச்சு, டைம் பத்தலை, இதெல்லாம் காரணமா வந்தா அந்தத் தப்பு நம்மளோடது.

சிலபஸ் புக்கை எடுத்து வச்சுக்கிட்டு பக்கத்துக்கு ஒரு கேள்வின்னு போகாதீங்க. ஒரு நாள் முழுக்க மெடிக்கல் ஷாப் கவுண்டர் பின்னாடி நின்னு பாருங்க, முடிஞ்சா ஆஸ்பத்திரி பார்மசியிலயும் ஒரு நாள். டாக்டர் சீட்டு படிக்கறது, டோஸ் சரியான்னு பாக்கறது, அலர்ஜி கேக்கறது, இன்சுலினை 2-லருந்து 8 டிகிரிக்குள்ள வைக்கறதுன்னு என்னென்ன வேலை வருதுன்னு எழுதுங்க. அடிக்கடி வர்ற வேலைக்கும், தப்பு நடந்தா உயிருக்கே ஆபத்தான வேலைக்கும் கேள்வி எண்ணிக்கையைக் கூட்டுங்க. முடக்கு வாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் மாத்திரை வாரத்துக்கு ஒரு தடவைதான், தினமும் போட்டா ஆளே போயிடலாம், அதைப் பத்தி ஒரு கேள்வி இருந்தே ஆகணும்.

சட்டப் பேப்பர்ல இன்னும் கவனம் வேணும். ஷெட்யூல் எச்1, அதாவது தனி ரெஜிஸ்டர்ல எழுதி வச்சு விக்க வேண்டிய மருந்துப் பட்டியல், எந்த வருஷம் வந்துச்சுன்னு கேக்கறதை விட, ஒருத்தர் அந்தப் பட்டியல்ல இருக்கற டிராமடால்ங்கற வலி மருந்துக்கு சீட்டோட வந்து நிக்கறார், மாத்திரை குடுத்ததும் தனி ரெஜிஸ்டர்ல என்னென்ன எழுதணும், அதை எத்தனை வருஷம் வச்சிருக்கணும்னு கேளுங்க. டாக்டர் பேர், அட்ரஸ், பேஷண்ட் பேர், மருந்து, அளவு, மூணு வருஷம். இது கவுண்டர்ல நிக்கறவருக்கு நாளைக்கே தேவைப்படும்.

தப்பான ஆப்ஷன் எழுதறதுதான் உண்மையிலேயே கஷ்டம். ஒரு உதாரணம் பாருங்க. 12 கிலோ குழந்தை, பாரசிட்டமால் கிலோவுக்கு 15 மி.கி., கையில இருக்கற சிரப் 5 மி.லி.க்கு 120 மி.கி., ஒரு வேளைக்கு எத்தனை மி.லி.? 180 மி.கி. வேணும், அப்போ விடை 7.5. மத்த ஆப்ஷனுக்கு வாய்க்கு வந்த நம்பரைப் போடக் கூடாது. 1.5ன்னு ஒண்ணு வைங்க, அது 5 மி.லி.யால பெருக்க மறந்தவருக்கு வர்ற விடை. 3.6 வைங்க, அது 5 மி.லி.க்கு 250 மி.கி. சிரப்னு நெனச்சவருக்கு வரும். 1.8 வைங்க, அது 1 மி.லி.க்கு 100 மி.கி. இருக்கற டிராப்ஸையும் சிரப்பையும் குழப்பிக்கிட்டவருக்கு வரும், நெஜ வாழ்க்கையில குழந்தைங்களுக்கு ஆபத்து வர்றதே இந்தக் குழப்பத்துலதான். இப்படி எழுதினா பிள்ளை எங்க சறுக்குச்சுன்னு ஆப்ஷனே சொல்லிடும். நாலாவது நல்ல ஆப்ஷன் கிடைக்கலைன்னா மூணோட நிறுத்திக்கறதுதான் என் அபிப்ராயம், ஆனா எக்ஸாம் விதி நாலு கேட்டா வேற வழியில்ல.

எக்ஸாம் இங்கிலீஷ்ல, பிள்ளைங்கள்ல பாதிப் பேர் பிளஸ் டூ வரைக்கும் தமிழ் மீடியம். கான்ட்ராஇண்டிகேஷன் (ஒரு மருந்தைக் குடுக்கவே கூடாத நிலைமை) மாதிரி தொழில் வார்த்தை அவங்களுக்குத் தெரிஞ்சே ஆகணும், அதுல சலுகை வேணாம், ஆனா சுத்தி இருக்கற வாக்கியம் எளிமையா இருக்கணும். நான் ஒரு தடவை ஆன்டிபயாடிக் கேள்வியில 'நாட்'டும் 'எக்ஸெப்ட்'டும் ஒரே வரியில போட்டுட்டேன். கிளாஸ்ல முதல் பெஞ்ச் பொண்ணு, வைவால கேட்டா கடகடன்னு சொல்ற பொண்ணு, அதைத் தப்பா போட்டுட்டு வந்து பேப்பரை நீட்டி இது என்ன கேக்குது மேடம்னு கேட்டுச்சு, எனக்கே ரெண்டு தடவை படிச்சாதான் புரிஞ்சுது. அன்னைல இருந்து எழுதின கேள்வியை ஆப்ஷனை மூடிட்டு இன்னொரு டீச்சர்கிட்ட படிக்கக் குடுக்கறேன், ஆப்ஷன் பாக்காம பதில் சொல்ல முடியலைன்னா திருத்தறேன். மருந்துக்கு பிராண்ட் பேர் போடாம ஜெனரிக் பேரே போடுங்க, ஊருக்கு ஊர் ஓடற பிராண்ட் வேற.

பாஸ் மார்க் விஷயத்துல எனக்கு ஒரு வருத்தம் உண்டு. எப்பவும் 50னு வச்சா, பேப்பர் கஷ்டமா வந்த வருஷத்துப் பிள்ளைங்களுக்கு அநியாயம். பிரிட்டன் ரிஜிஸ்ட்ரேஷன் எக்ஸாம்ல அங்கோஃப் முறைன்னு ஒண்ணு வச்சிருக்காங்க, அதை நம்ம மாக் டெஸ்டுலயும் செஞ்சு பாக்கலாம். வேலையில இருக்கற பார்மசிஸ்டுங்களையும் சேர்த்து ஆறேழு பேரை உக்கார வைங்க, ரிஜிஸ்டர் பண்ண லாயக்குதான் ஆனா விளிம்புல நிக்கற மாதிரி 100 பேரை நெனச்சுக்கச் சொல்லுங்க, இந்தக் கேள்வியை அதுல எத்தனை பேர் சரியா போடுவாங்கன்னு தனித்தனியா எழுதச் சொல்லுங்க. ஒருத்தர் 80, இன்னொருத்தர் 40ன்னு எழுதினா ஏன்னு பேச விட்டுட்டு மறுபடி எழுதச் சொல்லி சராசரி எடுங்க. எல்லாக் கேள்வியோட சராசரியையும் கூட்டி, கேள்வி எண்ணிக்கையால வகுத்தா பாஸ் மார்க் எத்தனை சதவீதம்னு வந்துடும்.

ரிசல்ட் போடறதுக்கு முன்னாடி கணக்குப் பாருங்க. 200 பேர் எழுதினா மொத்த மார்க் வரிசையில மேல 54 பேர், கீழ 54 பேர்னு (27 சதவீதம்) பிரிங்க. ஒரு கேள்வியை மேல 15 பேரும் கீழ 30 பேரும் சரியா போட்டிருந்தா அங்க ஏதோ கோளாறு, பெரும்பாலும் ஆன்சர் கீயே தப்பா இருக்கும், சரி பண்ணுங்க இல்ல அந்தக் கேள்வியை எடுத்துடுங்க. அதே மாதிரி மொத்த மார்க் ஒரே அளவுல இருக்கற தமிழ் மீடியம், இங்கிலீஷ் மீடியம் பிள்ளைங்களை வச்சு ஒவ்வொரு கேள்வியையும் ஒப்பிடுங்க, ஒரு கேள்வியில மட்டும் ஒரு கூட்டம் மொத்தமா விழுந்திருந்தா வார்த்தையைத் திரும்பப் படிங்க.

மாற்றுத்திறனாளி பிள்ளைங்களுக்கு மணிக்கு 20 நிமிஷம் எக்ஸ்ட்ரா டைம், தேவைப்பட்டா ஸ்கிரைப் (அவங்க சொல்லச் சொல்ல எழுதறவர்), இதை அவங்க கேட்டு வர்ற வரைக்கும் காத்திருக்காம அப்ளிகேஷன்லயே ஒரு கட்டம் போட்டு வச்சிடுங்க. ஃபெயில் ஆனவங்களுக்கு வெறும் மொத்த மார்க்கை மட்டும் குடுக்காதீங்க, எந்தப் பகுதியில எவ்வளவுன்னு பிரிச்சுக் குடுத்தாதான் அடுத்த தடவைக்கு எங்கேருந்து படிக்கணும்னு தெரியும்.