தைக் கடலுக்கு மலையிலேயே மூட்டை கட்டணும்

என் படகு தூத்துக்குடியில் நிற்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழைக்கு நான் கொடைக்கானல் மலையில் பூம்பாறை வீட்டில். தை பிறந்து வாடை தணிந்ததும் பாம்பன் நோக்கிப் புறப்படுவேன்.

முதலில் கயிறு. மலை ஈரத்தில் சுருட்டி வைத்தால் பூசணம் பிடிக்கும். உத்தரத்தில் தளர்வாகத் தொங்கவிடுங்கள். பிறகு சாண் சாணாகக் கையில் உருவி, புரியைப் பிரித்துப் பாருங்கள். உள்ளே தூள் உதிர்ந்தால் தயங்காமல் மாற்றுங்கள். போன வருஷம் நான் தயங்கினேன். நங்கூரக் கயிறு நடுராத்திரியில் அறுந்தது. அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

லைஃப் ஜாக்கெட் வார்களை இழுத்துப் பாருங்கள். குடிதண்ணீர் ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர், ஒரே கேனில் வேண்டாம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் அனுமதியில்லாமல் இறங்கக்கூடாது.

மலைப்பூண்டைத் தண்டோடு பின்னி எடுத்துப்போங்கள். படகு அறையில் காற்றோட்டமாகத் தொங்கினால் சீக்கிரம் கெடாது.