பழைய சேனல்கள் வருகின்றன, ஹெச்டி மட்டும் வரவில்லையா? ஃப்ரீ டிஷ் டிஷ்ஷைச் சரிசெய்யும் முறை

மதுரையில் இருக்கும் அப்பாவுக்கு டிடி ஸ்போர்ட்ஸ் ஹெச்டி பார்க்க ஆசை. வீட்டில் மாதக் கட்டணம் இல்லாத தூர்தர்ஷன் சேவையான டிடி ஃப்ரீ டிஷ் பல வருடங்களாக இருக்கிறது. புது செட்டாப் பாக்ஸ் வாங்கிப் போய் மாட்டி, சேனல் தேடல் கொடுத்தேன். பழைய சேனல்கள் எல்லாம் வந்தன, ஹெச்டி ஒன்றுகூட வரவில்லை. பாக்ஸ்தான் கோளாறு என்று கடையில் கொடுத்து வேறு வாங்கினேன். அதிலும் அதே கதை. மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் மொட்டைமாடியில் கழிந்த பிறகுதான் குறை பாக்ஸில் இல்லை என்பது தெரிந்தது. அந்த மூன்று வாரம் உங்களுக்கு மிச்சமாக வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

மாதக் கட்டணம் கட்டும் டிடிஎச் வைத்திருப்பவர்கள் அந்த நிறுவனத்தின் ஆளையே அழைத்துவிடுங்கள். இது ஃப்ரீ டிஷ் வைத்திருப்பவர்களுக்கு மட்டும்.

1. பாக்ஸின் அடிப்பக்கத்தைப் படியுங்கள்

ஸ்டிக்கரில் ‘எம்பெக்-4’, ‘டிவிபி-எஸ்2’ என்ற இரண்டும் இருக்க வேண்டும். பழைய எம்பெக்-2 பாக்ஸால் புதிய வகை அலைவரிசையைப் பிடிக்கவே முடியாது. அதனால் ஹெச்டி சேனல்களின் பெயர்கூடப் பட்டியலில் வராது. அந்தப் பாக்ஸில் நூறு முறை தேடினாலும் பயனில்லை.

டிவிக்கு ஹெச்டிஎம்ஐ கேபிள் போடுங்கள். சிவப்பு, வெள்ளை, மஞ்சள் முனை கொண்ட பழைய கேபிளில் ஹெச்டி சேனலும் சாதாரணப் படமாகத்தான் தெரியும்.

2. மெனுவில் மூன்று இடங்கள்

செயற்கைக்கோள்: ஜிசாட்-15, கிழக்கு 93.5 டிகிரி. 2015 நவம்பரில் ஏவப்பட்டது. சில பாக்ஸ்களில் இன்னும் இன்சாட்-4பி என்ற பழைய பெயர் இருக்கும். இரண்டுக்கும் இடம் ஒன்றுதான், குழப்பம் வேண்டாம்.

எல்என்பி (டிஷ்ஷுக்கு முன்னால் கம்பி முனையில் இருக்கும், அலையை வாங்கும் சிறிய கருவி) வகை: யுனிவர்சல், 9750/10600. இதில் பலரும் தவறுகிறார்கள். வானத்திலிருந்து வரும் அலையை அப்படியே கேபிளில் அனுப்ப முடியாது. எல்என்பி அதிலிருந்து 9750-ஐக் கழித்து, சிறிய எண்ணாக்கி அனுப்புகிறது. ஃப்ரீ டிஷ்ஷின் 11090 மெகாஹெர்ட்ஸ் அலை கேபிளில் 1340 ஆக இறங்கி வரும். பாக்ஸுக்குப் புரிவது 950 முதல் 2150 வரை. மெனுவில் 10600 என்று மட்டும் வைத்திருந்தால், பாக்ஸ் 490-இல் தேட வேண்டியிருக்கும். அந்த இடம் அதன் எல்லைக்கே வெளியே இருக்கிறது.

22 கிலோஹெர்ட்ஸ்: ‘ஆஃப்’ அல்லது ‘ஆட்டோ’. அதை ‘ஆன்’ செய்தால் எல்என்பி மேல் பட்டைக்கு, அதாவது 10600-ஐக் கழிக்கும் உயர் அலைகளுக்கு, தாவிவிடும். ஃப்ரீ டிஷ் கீழ்ப் பட்டையில் இருக்கிறது.

சோதனைக்கு அலைவரிசை 11090, போலரைசேஷன் செங்குத்து, சிம்பல் ரேட் 29500 என்று கொடுங்கள். இனி இந்தத் திரையை மூடாமல் வைத்திருங்கள்.

3. இரண்டு கோடுகளில் எதைப் பார்ப்பது?

திரையின் கீழே இரண்டு கோடுகள் இருக்கும்: ஸ்ட்ரெங்த், குவாலிட்டி. என்னை மூன்று வாரம் அலையவிட்டது இந்த இடம்தான். ஸ்ட்ரெங்த் 85 என்று காட்டியது. அவ்வளவு இருக்கும்போது டிஷ்ஷில் என்ன குறை இருக்கப் போகிறது என்று நினைத்து அதைத் தொடவே இல்லை.

ஸ்ட்ரெங்த் என்பது கேபிள் வழியாக மொத்தமாக எவ்வளவு வருகிறது என்பது மட்டுமே. எல்என்பி போடும் இரைச்சலும் அதில் சேரும். டிஷ்ஷைத் தலைகீழாகத் திருப்பி வைத்தாலும் ஸ்ட்ரெங்த் ஓரளவு நிற்கும். நமக்கு வேண்டிய செயற்கைக்கோளின் செய்தி எவ்வளவு சுத்தமாக வருகிறது என்பதைச் சொல்வது குவாலிட்டி. அப்பா வீட்டில் அது 48. அதில்தான் பழைய சேனல்கள் வருடக்கணக்கில் தடையில்லாமல் ஓடிக்கொண்டிருந்தன.

பிறகு ஹெச்டி ஏன் வரவில்லை? அலை செய்தி சொல்லும் விதத்தை ஒரு கடிகார முள்ளாக நினைத்துக்கொள்ளுங்கள்; முள் நிற்கும் இடம்தான் செய்தி. பழைய முறையில் முள் நான்கே இடங்களில் நிற்கும்: 12, 3, 6, 9. இரைச்சலில் முள் சற்று ஆடினாலும் அது மூன்றா ஆறா என்று பாக்ஸ் சொல்லிவிடும். புதிய முறையில் அதே வட்டத்தில் எட்டு இடங்கள். ஒவ்வொன்றுக்கும் நடுவே 90 டிகிரிக்குப் பதில் 45 டிகிரிதான். ஒரு அசைவில் இரண்டு பிட்டுக்குப் பதில் மூன்று பிட் அனுப்பலாம் என்பதால் அப்படிச் செய்கிறார்கள். ஆனால் அதே ஆட்டம் இப்போது பக்கத்து இடத்தில் போய் முட்டும். நாலு பேர் உட்கார்ந்த பெஞ்சில் எட்டுப் பேர் உட்கார்ந்தால் இடிக்கத்தானே செய்யும்! அதனால் பழைய சேனலுக்குப் போதுமான டிஷ் புதிய சேனலுக்குப் போதுமானது என்று நம்பாதீர்கள்.

இனிச் செய்யும் வேலை எல்லாமே குவாலிட்டியை உயர்த்துவதற்குத்தான்.

4. முதலில் கேபிள், பிறகுதான் டிஷ்

டிஷ்ஷை ஆட்டுவதற்கு முன் கேபிளை முனையிலிருந்து முனை வரை கையால் தடவிக்கொண்டே போங்கள். எங்கள் கைப்பிடிச்சுவர் ஓரத்தில், யாரோ எப்போதோ இரண்டு துண்டுகளை முறுக்கி, கறுப்பு டேப் சுற்றி வைத்திருந்தார்கள். டேப்பைப் பிரித்தபோது உள்ளே இரண்டு சொட்டுத் தண்ணீர். செம்புக் கம்பி பச்சையாகப் பூத்துப்போய், நகத்தால் சுரண்டினால் பொடியாக உதிர்ந்தது. ஒட்டு இல்லாத ஒரே நீள ஆர்ஜி-6 கேபிள் வாங்கி மாற்றினேன். குவாலிட்டி 48-லிருந்து 57 ஆனது. ஹெச்டி இன்னும் வரவில்லை.

முனையில் போடும் எஃப் கனெக்டர் விஷயத்தில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. கையால் திருகிப் போடும் வகை வேண்டாம். அழுத்திப் போடும் வகையையே கேளுங்கள். அதற்கான கருவி இல்லையென்றால் கடையிலேயே போட்டுத் தரச் சொல்லுங்கள். போட்டதும் உற்றுப் பாருங்கள். வெளிப் பின்னலின் ஒரு இழை நடுக்கம்பியைத் தொட்டாலும் வேலை கெட்டது. எல்என்பிக்கு மின்சாரம் போவதும் இதே கம்பியில்தான், அதனால் கழற்றி மாட்டும்போது பாக்ஸின் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள்.

5. டிஷ்ஷை நகர்த்துதல்

மதுரையிலிருந்து பார்த்தால் ஜிசாட்-15 வடக்கிலிருந்து 122 டிகிரியில், அதாவது கிழக்கிலிருந்து சற்றே தெற்கு நோக்கி இருக்கிறது. சென்னையில் 134, நேர் தென்கிழக்கு என்றே சொல்லலாம். தரையிலிருந்து உயரம் இரண்டு ஊரிலும் ஏறத்தாழ 68 டிகிரி.

68 டிகிரி என்றால் டிஷ் கிட்டத்தட்ட வானத்தைப் பார்த்துப் படுத்திருக்க வேண்டுமே என்று தோன்றும். வீட்டு டிஷ் ஆஃப்செட் வகை. எல்என்பி நடுவில் இல்லாமல் கீழே தள்ளி இருப்பதால், டிஷ் முகம் ஏறக்குறைய 45 டிகிரிதான் சாய்ந்திருக்கும். இந்தச் சாய்வை நம்பாமல் இன்னும் மல்லாத்தினால் சிக்னல் போய்விடும்.

போன் திசைகாட்டியை இரும்புக் கம்பத்தை ஒட்டி வைக்காதீர்கள், தவறாகக் காட்டும். அதைவிட எனக்குப் பிடித்த வழி, பக்கத்து மாடிகளைப் பார்ப்பது. சன் டைரக்ட் டிஷ்கள் ஏறக்குறைய இதே திசையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும்.

‘பீப்’ என்று கத்தும் சிறிய சிக்னல் மீட்டரை நான் சிபாரிசு செய்யமாட்டேன். எந்தச் செயற்கைக்கோளைப் பார்த்தாலும் அது கத்தும். வெறும் ஒன்றரை டிகிரி தள்ளி, 95 டிகிரியில் வேறு டிடிஎச் செயற்கைக்கோள் இருக்கிறது. கீழே டிவி முன்னால் ஒருவரை உட்காரவைத்து, போனில் குவாலிட்டி எண்ணை மட்டும் வாசிக்கச் சொல்லுங்கள். அம்மா அதைச் சரியாகச் செய்தார்.

இப்போது முக்கியமான கணக்கு. 60 சென்டிமீட்டர் டிஷ் ஒன்றரை டிகிரி விலகினால் கிடைக்கும் சக்தி ஏறக்குறைய பாதியாகிவிடும். ஒன்றரை டிகிரி என்பது டிஷ்ஷின் விளிம்பில் வெறும் 8 மில்லிமீட்டர்! ஒரு விரல் அகலம்கூட இல்லை. நட்டை முழுவதும் தளர்த்தாதீர்கள். சற்று இறுக்கமாகவே வைத்து, விளிம்பில் ஒரு கையால் மெல்லத் தள்ளி, நிறுத்தி, ஐந்து விநாடி காத்திருங்கள். பாக்ஸ் எண்ணை மெதுவாகத்தான் மாற்றும். நான் முதலில் செய்த தவறு, தள்ளிக்கொண்டே இருந்ததுதான்.

எண் உயர்ந்து இறங்கத் தொடங்கும் இடத்தை இரண்டு பக்கமும் பென்சிலால் குறித்து, நடுவில் நிறுத்துங்கள். இடம் வலம் முடித்த பிறகு மேல் கீழ். நட்டை முறுக்கும்போது டிஷ் நகரும் என்பதால், இரண்டு பக்க நட்டையும் மாறி மாறிச் சிறிது சிறிதாக இறுக்குங்கள். எங்களுக்கு 64 ஆனது.

6. எல்என்பியின் கழுத்து

கடைசியாக எல்என்பி பிடியைத் தளர்த்தி, அதை அதன் இடத்திலேயே கடிகார முள் போலத் திருப்புங்கள். பலரும் இதைச் செய்வதே இல்லை. செங்குத்து அலையையும் கிடைமட்ட அலையையும் அது பிரித்தெடுக்க, இந்தக் கோணம் சரியாக இருக்க வேண்டும். நான் ஒரு நெல்மணி அகலத்துக்கு நகர்த்தி நகர்த்திப் பார்த்தேன். அம்மா “அறுபத்தாறு, அறுபத்தொன்பது, எழுபத்தொன்று” என்று வாசித்துக்கொண்டே வந்தவர், “எழுபது” என்றதும் ஒரு நெல்மணி அளவு பின்னுக்குத் திருப்பி இறுக்கினேன்.

7. பிளைண்ட் ஸ்கேன்

பழைய பட்டியலை அழித்துவிட்டு ‘பிளைண்ட் ஸ்கேன்’ கொடுங்கள். ‘ஆட்டோ ஸ்கேன்’ பாக்ஸில் ஏற்கெனவே எழுதி வைத்த எண்களில் மட்டும் தேடும். பிளைண்ட் ஸ்கேன் நேரம் எடுக்கும், ஆனால் எதையும் விடாது. ஃப்ரீ டிஷ்ஷில் சேனல் இடங்கள் ஏலத்தில் போகின்றன, ஏலம் முடிந்ததும் சேனல்கள் இடம் மாறும். அப்போதும் இதையே செய்யுங்கள்.

டிடி ஸ்போர்ட்ஸ் ஹெச்டி வந்ததும் அப்பா நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

பிற்சேர்க்கை 1: “இரண்டு அறையிலும் டிவி, ஒன்றைப் போட்டால் மற்றதில் சேனல் போகிறது” என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். ஒரே எல்என்பியை ஸ்ப்ளிட்டர் வைத்துப் பிரித்திருப்பீர்கள். பாக்ஸ் செங்குத்து அலையைக் கேட்க 13 வோல்ட்டும், கிடைமட்ட அலையைக் கேட்க 18 வோல்ட்டும் எல்என்பிக்கு அனுப்பும்; ஒரு பாக்ஸ் ஒன்றையும் இன்னொன்று மற்றதையும் அனுப்பினால் எல்என்பி இரண்டுக்கும் சேர்த்துக் கீழ்ப்படிய முடியாது. இரண்டு வாய் கொண்ட ட்வின் எல்என்பி வாங்கி, தனித்தனிக் கேபிள் இழுங்கள்.

பிற்சேர்க்கை 2: தென்னை மறைக்குமா என்று ஒரு வாசகர் கேட்டார். செயற்கைக்கோள் மிக உயரத்தில் இருப்பதால், டிஷ்ஷைவிட 10 மீட்டர் உயர்ந்த மரம் அந்தத் திசையில் 4 மீட்டருக்குள் இருந்தால்தான் மறைக்கும். அவர் வீட்டில் மரம் 3 மீட்டரில் இருந்ததாம். மரத்தை வெட்டாமல், டிஷ்ஷை மாடியின் எதிர் மூலைக்கு மாற்றியதும் சரியாகிவிட்டது என்று நேற்று எழுதியிருந்தார்.