கூட்டுக் கணக்கில் பெயர் இருந்தால் பணம் உங்களுடையதா?

அப்பாவால் வங்கிக்குப் போய்வர முடியவில்லை. கூட இருக்கும் மகனின் பெயரையும் கணக்கில் சேர்த்து, ‘எய்தர் ஆர் சர்வைவர்’ என்று எழுதிக் கொடுக்கிறார். இருவரில் யாரும் பணம் எடுக்கலாம். ஒருவர் காலமானால் மற்றவர் எடுக்கலாம். அப்பா காலமானதும் வங்கியும் மகனிடம் கொடுத்துவிடுகிறது. ‘வங்கியே கொடுத்துவிட்டது, இனி என் பணம்’ என்று அவர் முடிவு செய்வதுதான் முதல் தவறு.

அந்த ஏற்பாடு வங்கி பொறுப்பிலிருந்து விடுபடுவதற்கானது. பணம் யாருக்குச் சொந்தம் என்பதை அது தீர்மானிக்காது. கணவர் தன் பணத்தை மனைவி பெயரையும் சேர்த்துப் போட்டதாலேயே அது மனைவிக்குக் கொடுத்த தானமாகாது என்று அப்போது இந்திய வழக்குகளுக்கு மேல்முறையீட்டு உச்ச மன்றமாக லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் 1928இலேயே சொல்லிவிட்டது. ஆகவே போட்டது அப்பாவின் பணம், அதை மகனுக்கே கொடுத்தார் என்பதற்கு ஆதாரமில்லை, உயிலும் இல்லை என்றால், வாரிசுகள் எல்லோருக்கும் பங்கு உண்டு. இந்துக் குடும்பம் என்றால் மனைவி, மகன், மகள் எல்லோருக்கும் சம பங்கு. அப்பாவின் தாயார் உயிரோடிருந்தால் அவருக்கும்தான். பாட்டியை யாரும் கணக்கிலேயே எடுப்பதில்லை!

நாமினி விஷயமும் இதேதான். வங்கி நாமினி பணத்தைப் பெற்றுக்கொள்பவர் மட்டுமே, உரிமையாளர் அல்ல என்பது 2010இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. கூட்டுக் கணக்கில் அவருடைய முறை வருவதே கணக்குதாரர்கள் எல்லோரும் காலமான பிறகுதான். 2025 நவம்பர் முதல் நான்கு நாமினிகள் வரை போடலாம். அதனால் இந்த நிலை மாறிவிடவில்லை.

ஏடிஎம் ரகசிய எண் தெரியும் என்பதற்காக, இறப்பைச் சொல்லாமலே பணம் எடுப்பது படு மோசம். தன் சார்பில் செயல்பட ஒருவருக்கு எழுதிக் கொடுக்கும் பவர் ஆஃப் அட்டர்னியும் எழுதிக் கொடுத்தவரோடு முடிந்துவிடும். நேர்வழி ஒன்றும் கஷ்டமில்லை: கோரிக்கைப் படிவத்தோடு இறப்புச் சான்றிதழும் அடையாளச் சான்றும் கொடுத்தால் போதும், சர்வைவரிடம் (உயிரோடிருக்கும் கணக்குதாரரிடம்) சக்ஸஷன் சர்டிபிகேட், அதாவது நீதிமன்றம் தரும் வாரிசுரிமைச் சான்றிதழ், கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி.

மறுபக்கம், அதாவது மற்ற வாரிசுகளும் தவறு செய்கிறார்கள். தங்கை மேலாளரிடம் சண்டை போட்டுப் பயனில்லை; நீதிமன்றத் தடை இல்லாவிட்டால் வங்கி சர்வைவருக்குக் கொடுத்துவிடும். உரிமை கேட்பதென்றால் அண்ணனிடம்தான் கேட்க வேண்டும், தேவைப்பட்டால் நீதிமன்றத்தில். அண்ணனும் இறந்த தேதியில் இருந்த இருப்பு, மருத்துவமனைக்கும் காரியத்துக்கும் ஆன செலவு ரசீது இரண்டையும் கேட்பதற்கு முன்பே காட்டிவிடுவது நல்லது.