மைக் ஒலி தானாக ஏறி இறங்குகிறதா? ஏஜிசியை இப்படிச் சரிசெய்யுங்கள்

ஒரு மணி நேரம் பேசிப் பதிவு செய்திருந்தேன். குரல் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் மூச்சு வாங்க நிறுத்திய இடத்திலெல்லாம் மின்விசிறிச் சத்தம் மெல்ல எழும்பியது. அடுத்த சொல் வந்ததும் சட்டென்று அமுங்கியது. இது ஏஜிசி, அதாவது தானியங்கி ஒலிக் கட்டுப்பாடு செய்யும் வேலை. சத்தம் குறைந்தால் அது கூட்டும், கூடினால் குறைக்கும். எளிய வகை ஏஜிசிக்குக் குரலும் விசிறியும் ஒன்றுதான். நீங்கள் பேசாமல் இருந்தால், மெதுவாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு கூட்டிவிடும்.

1. முதலில் சோதனை

ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் 10 வினாடி பேசுங்கள், 10 வினாடி சும்மா இருங்கள், மறுபடி பேசுங்கள். பேசாத பகுதியின் அலைவடிவத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஒரே தடிமனில் இருந்தால் ஏஜிசி இல்லை. ஆப்பு மாதிரி போகப்போக விரிந்தால் இருக்கிறது. அடியோடு மறைந்துவிட்டால் அது நாய்ஸ் கேட், அதாவது சின்னச் சத்தத்தை முழுதாக அடைத்துவிடும் வசதி; அது வேறு பிரச்சினை.

இதே சோதனையை மீட்டிங் செயலி மூடியிருக்கும்போது ஒருமுறை, அதில் பேசிக்கொண்டிருக்கும்போது ஒருமுறை செய்யுங்கள். இரண்டாவதில் மட்டும் அளவு மாறினால் குற்றவாளி செயலிதான்.

2. எல்லா இடத்திலும் நிறுத்துங்கள்

ஏஜிசி ஒரே இடத்தில் இருப்பதில்லை. விண்டோஸில் மைக்கின் அமைப்புகளுக்குள் 'ஆடியோ என்ஹான்ஸ்மென்ட்ஸ்' இருக்கும், அதை அணைத்துவிடுங்கள். அப்புறம் செயலிக்குள் மைக் அளவைத் தானாக மாற்றும் டிக்கை எடுங்கள். பிரவுசர் வழியாகப் பேசுகிறவர்கள் அந்தத் தளத்தின் ஒலி அமைப்பில் தேட வேண்டும். தளம் வேண்டாம் என்று கேட்காதவரை குரோம் ஏஜிசியைப் போட்டே வைத்திருக்கும்.

நான் சிக்கிக்கொண்டது இங்கேதான். மைக் ஸ்லைடரை 70-இல் வைப்பேன், அரை மணி நேரத்தில் 35-இல் நிற்கும். என்ஹான்ஸ்மென்ட்ஸை அணைத்தும் மாறவில்லை. ஒரு செயலி மைக்கைத் தன் வசமே வைத்துக்கொள்ள விடும் 'எக்ஸ்க்ளூசிவ் கன்ட்ரோல்' டிக்கை எடுக்கச் சொல்வார்கள். எடுத்தேன், பலனில்லை. ஏஜிசியில் இரண்டு வகை உண்டு என்று பிறகுதான் புரிந்தது. டிஜிட்டல் வகை, வந்த ஒலியைச் செயலிக்குள்ளேயே பெருக்கும். அனலாக் வகை சிஸ்டத்தின் ஸ்லைடரையே பிடித்து நகர்த்தும். என்னுடையது அனலாக். செயலியில் டிக்கை எடுத்த பிறகும் ஒலி சின்னதாகவே இருந்ததால், இதுவும் இல்லை என்று மறுபடி டிக் போட்டுவிட்டேன். உண்மையில் அப்போதே சரியாகியிருந்தது! ஏஜிசியை நிறுத்தினாலும் ஸ்லைடர் பழைய இடத்துக்குத் திரும்பாது. டிக்கை எடுங்கள், செயலியை மூடித் திறங்கள், ஸ்லைடரை நீங்களே ஏற்றுங்கள். மூன்றையும் செய்தால்தான் தீரும்.

3. கையால் அளவு வையுங்கள்

வழக்கமாகப் பேசும் குரலின் உச்சம் பதிவு மீட்டரில் மைனஸ் 12-க்கும் மைனஸ் 6 டெசிபலுக்கும் நடுவில் நின்றால் போதும் (0 தான் மேல் எல்லை).

4. ஏஜிசி வேண்டும் என்றால்

ஒரே மைக்கைச் சுற்றிப் பலர் உட்கார்ந்து பேசினால் ஏஜிசி தேவைதான். ஆனால் ஒரே ஓர் இடத்தில் மட்டும் அதை வையுங்கள். முதலில் தொட வேண்டியது அதிகபட்சப் பெருக்கம். பேச்சொலிக்கான ஸ்பீக்ஸ் என்ற நிரல் நூலகத்தில் அது இயல்பாக 30 டெசிபல், அதாவது ஏறத்தாழ 32 மடங்கு. விசிறி இருக்கும் அறைக்கு இது மிக அதிகம். 12 டெசிபல், அதாவது 4 மடங்கு வைத்துத் தொடங்குங்கள். வரிசையும் முக்கியம்: இரைச்சல் நீக்கம் முதலில், ஏஜிசி அடுத்து, ஒலி எல்லை தாண்டாமல் தடுக்கும் லிமிட்டர் கடைசியில்.

பதிவு மட்டும்தான் என்றால், நேரடி ஏஜிசி வேண்டவே வேண்டாம் என்பேன். உள்ளபடி பதிவு செய்துவிட்டு, பிறகு எஃப்எஃப்எம்பெக் என்ற ஒலி, ஒளி மாற்று மென்பொருளில், ஒலி அளவைச் சீராக்கும் டைன்ஆடியோநார்ம் ஃபில்டரில் போடுங்கள். நேரடி ஏஜிசிக்கு அடுத்த சொல் தெரியாது. இந்த ஃபில்டர் 500 மில்லிவினாடித் துண்டுகளாக, முன்னும் பின்னும் சுமார் 7 வினாடி பார்த்துவிட்டுத்தான் அளவை முடிவு செய்யும். அதனால் ஏற்ற இறக்கம் காதில் உறுத்தாது. அதிகபட்சப் பெருக்கத்தை மட்டும் 10 மடங்கிலிருந்து 4 மடங்குக்கு இறக்குங்கள்.

பின்சேர்க்கை: வயலினின் நீண்ட சுரம் தேய்ந்து போகிறது என்று இருவர் எழுதியிருந்தார்கள். அதில் ஏஜிசியோடு இரைச்சல் நீக்கமும் சேர்ந்திருக்கும். மாறாமல் நீளும் ஒலியை அது இரைச்சல் என்று எடுத்துக்கொள்ளும். வாசிக்கும்போது இரண்டையும் அணையுங்கள். லினக்ஸில் ஒலியைக் கையாளும் பல்ஸ்ஆடியோ மென்பொருளின் எதிரொலி நீக்கத்தை வைத்திருப்பவர்கள் அனலாக், டிஜிட்டல் என்று அதில் தனித்தனியாக இருக்கும் இரண்டு அமைப்புகளையும் 0 ஆக்க வேண்டும்.