ஒன்ராறியோவில் புல்தரை: புதிதாக வந்தவர்கள் தெரிந்திருக்க வேண்டியவை

ஊரில் முற்றத்தில் புல் முளைத்தால் பிடுங்கி எறிந்துவிட்டுக் கூட்டி வைப்போம். இங்கே புல் இல்லாத முற்றத்தைத்தான் அக்கம்பக்கம் ஒரு மாதிரியாகப் பார்க்கும். இருக்கிற புல்லை வெட்டாமல் விட்டால் நகரசபைக்கு முறைப்பாடு போகும். ரொறன்ரோவில் புல் 20 சென்ரிமீற்றருக்கு மேல் வளரக்கூடாது என்று விதியே இருக்கிறது. நடைபாதைக்கும் வீதிக்கும் நடுவில் உள்ள புல்துண்டு நகரசபையின் நிலம். ஆனால் அதையும் வெட்டவேண்டியவர் நீங்கள்தான். மார்க்கம், பிரம்டன் போன்ற நகரங்களுக்குத் தனித்தனி விதிகள் உண்டு. உங்கள் நகரசபையின் இணையத்தளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

பேஸ்மென்டில் வாடகைக்கு இருப்பவர்களுக்கு முதலில் ஒரு வார்த்தை. பலர் சேர்ந்து பாவிக்கும் வளவைப் பராமரிப்பது சட்டப்படி வீட்டுக்காரரின் பொறுப்பு. "கீழே இருக்கிறவர் புல் வெட்டுவார்" என்று வாய்ப்பேச்சில் முடிக்கவேண்டாம். நீங்கள் வெட்டுவதாக இருந்தால் அதற்கு என்ன தருகிறார், வாடகையில் எவ்வளவு குறைக்கிறார் என்பதைத் தனியாக எழுதி வாங்குங்கள். உறவுக்காரர் வீடாக இருந்தால் இன்னும் கட்டாயம் எழுதவேண்டும், அப்போதுதான் உறவு நிலைக்கும்.

சரி, சொந்த வீடு வாங்கியாயிற்று. மே மாதம் வந்ததும் எல்லோரும் கடைக்குப் போய் விதை, பசளை, களைமருந்து என்று வண்டி நிறைய ஏற்றி வருவார்கள். என் அபிப்பிராயத்தில் அந்தக் காசில் பாதி வீண். இங்கே புல்தரை உருவாகும் காலம் ஓகஸ்ட் நடுப்பகுதி முதல் ஒக்டோபர் வரை. வசந்தத்தில் நாம் பார்க்கும் பச்சை பெரும்பாலும் முந்தின இலையுதிர்காலத்தில் செய்த வேலையின் பலன்.

காரணம், இங்குள்ள புல்லின் இனம். ஊர் அறுகு வெயிலில் ஓடிப் படரும். இங்கே போடுவது கென்டக்கி புளூகிராஸ், ரைகிராஸ், ஃபெஸ்க்யூ ஆகிய குளிர்காலநிலைப் புற்கள். காற்று 15 முதல் 24 பாகை வரை இருக்கும்போதுதான் அவை நன்றாக வளரும். ஜூலை வெயிலில் சோர்ந்துவிடும். செப்டெம்பரில் மண் இன்னும் சூடாக இருக்கும், காற்று குளிர்ந்திருக்கும், மழையும் வரும், களைகளின் வேகமும் குறைந்திருக்கும். விதை முளைக்க இதைவிட நல்ல நேரம் கிடைக்காது. மே மாதத்தில் போட்ட விதை வேர் பிடிப்பதற்குள் வெயில் வந்துவிடும்.

ஆகவே சொட்டை விழுந்த இடங்களுக்கு ஓகஸ்ட் நடுவிலிருந்து செப்டெம்பர் நடு வரை விதை போடுங்கள். மண்ணை வாரியால் கிளறி, விதை தூவி, மேலே மெல்லிய கொம்போஸ்ட் படை போட்டு, முளைக்கும் வரை மேல்மண் காயாமல் சிறிது சிறிதாகத் தண்ணீர் விடவேண்டும். ரைகிராஸ் ஒரு கிழமையில் தலை காட்டும். புளூகிராஸுக்கு இரண்டு முதல் நான்கு கிழமை எடுக்கும். "விதை சரியில்லை" என்று பத்தாம் நாளே மீண்டும் கொட்டுபவர்கள் உண்டு, கொஞ்சம் பொறுக்கவேண்டும்.

புதிய குடியிருப்புகளில் வீடு வாங்கியவர்களுக்கு இன்னொரு பிரச்சினை. கட்டுமானக்காரர் இறுகிய களிமண்ணுக்கு மேல் சில அங்குலம் நல்ல மண் போட்டு, அதன்மேல் புல் விரித்துவிட்டுப் போயிருப்பார். வேர் கீழே இறங்க வழி இருக்காது. இதற்கு மருந்து, செப்டெம்பரில் மண்ணில் சிறு உருளைகளாகத் துளை எடுக்கும் மெஷினை வாடகைக்கு எடுத்து ஓட்டுவது. வெளியே வரும் மண்கட்டிகளை அப்படியே விடுங்கள், மழையில் கரைந்துவிடும். துளைகளுக்குள் கொம்போஸ்ட் விழும்படி பரப்பினால் இரண்டு மூன்று வருடத்தில் மண் மாறும்.

வசந்தத்தில் இந்தத் துளை போடுவதாகச் சொல்லிக் கதவு தட்டி வருபவர்கள் இருப்பார்கள். வாசலில் வைத்துக் கையெழுத்து வாங்கினால் அவசரப்படவேண்டாம். ஒன்ராறியோவில் 50 டொலருக்கு மேற்பட்ட அப்படியான ஒப்பந்தத்தை, எழுத்துப் பிரதி கையில் கிடைத்து 10 நாட்களுக்குள் காரணம் சொல்லாமலே ரத்துச் செய்யலாம்.

புல் வெட்டுவதில் நம்மவர்கள் செய்வது ஒன்றுதான்: ஒரேயடியாக மொட்டையடிப்பது. "அடிக்கடி வெட்டத் தேவையில்லை" என்ற கணக்கு. புல்லை 6 முதல் 8 சென்ரிமீற்றர் உயரத்தில் வைத்திருக்கவேண்டும். ஒரு தடவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டக்கூடாது. உயரமான புல் நிலத்துக்கு நிழல் கொடுக்கும், ஈரம் காக்கும், களைவிதைக்கு வெளிச்சம் விடாது. வேரும் ஆழமாக இறங்கும். மெஷினின் கத்தியை வருடத்துக்கு ஒரு முறையாவது தீட்டுங்கள். வெட்டிய நுனி வெளிறிக் கிழிந்தது போலிருந்தால் கத்தி மழுங்கிவிட்டது. சின்ன முன்வளவுக்குப் பெரிய பெற்றோல் மெஷின் தேவையில்லை. கையால் தள்ளும் உருளைக்கத்தி மெஷினே போதும். சனி, ஞாயிறு காலையில் வெள்ளெனத் தொடங்கவேண்டாம், பக்கத்து வீட்டார் நித்திரை.

வெட்டிய துணுக்குகளை அப்படியே தரையில் விடுங்கள். அவை உக்கி நைதரசனாகத் திரும்பும். ரொறன்ரோ நகரசபை புல்துணுக்கை எடுப்பதுமில்லை. உதிர்ந்த இலைகளைக் கடதாசிப் பையில் கட்டி வைத்தால் எடுப்பார்கள். பிளாஸ்டிக் பையில் வைத்தால் வாசலிலேயே கிடக்கும்.

தண்ணீரைக் கிழமைக்கு மழையோடு சேர்த்து 2.5 சென்ரிமீற்றர் என்று கணக்கு வையுங்கள். ஒரு வெறும் மீன்ரின்னைத் தரையில் வைத்துத் தெளிப்பானைத் திறந்தால் எவ்வளவு நேரம் தேவை என்று தெரிந்துவிடும். தினமும் கொஞ்சம் தெளிப்பதைவிட, கிழமைக்கு ஓரிரு தடவை அதிகாலையில் நன்றாக ஊற விடுவது மேல். ஜூலையில் புல் மஞ்சளானால் செத்துவிட்டது என்று பயப்படவேண்டாம். அது உறங்குகிறது, குருத்து அடியில் உயிரோடிருக்கும். ஒன்று கோடை முழுவதும் ஒழுங்காகத் தண்ணீர் விடுங்கள், அல்லது உறங்க விடுங்கள். இடையிடையே எழுப்பி எழுப்பி உறங்க வைத்தால்தான் புல் களைத்துப்போகும்.

பசளைப் பையில் மூன்று எண்கள் இருக்கும், முதலாவது நூற்றுக்கு எத்தனை பங்கு நைதரசன் என்பது. ஒரு தடவைக்கு 100 சதுர மீற்றருக்கு அரைக் கிலோ நைதரசன் என்பது பொதுவான அளவு. முதல் எண் 25 என்றால் 2 கிலோ பசளை. வருடத்துக்கு ஒரு தடவைதான் போட முடியும் என்றால் செப்டெம்பர் தொடக்கத்தில் போடுங்கள். சுண்ணாம்பும் கடையில் விற்பார்கள், ஆனால் தென் ஒன்ராறியோ மண் பெரும்பாலும் சுண்ணாம்புத் தன்மை கொண்டதுதான். மண்ணைச் சோதிக்காமல் வாங்கவேண்டாம்.

களைமருந்து விஷயம் வேறு மாதிரி. வீட்டுப் புல்தரையின் அழகுக்காக இரசாயனக் களைகொல்லி அடிப்பதை ஒன்ராறியோ 2009 ஏப்ரல் 22 முதல் தடைசெய்துவிட்டது. அமெரிக்காவில் இருக்கும் மச்சான் எல்லை தாண்டிக் கொண்டுவந்து தருவதாகச் சொன்னால் அன்போடு மறுத்துவிடுங்கள். இங்கு கிடைப்பது இரும்புச் சத்து கொண்ட தெளிப்பு. அகன்ற இலைக் களைகளைச் சில மணி நேரத்தில் கறுப்பாக்கும், புல்லுக்குப் பாதிப்பில்லை. சீமெந்தில் பட்டால் துருக்கறை விழும், கவனம். மஞ்சள் பூப் பூக்கும் டான்டிலயனுக்கு மழை பெய்த மறுநாள் நீளக்கம்பியால் வேரோடு கிளப்புவதுதான் நிச்சயமான வழி. வேர் பாதியில் முறிந்தால் திரும்ப முளைக்கும். குளோவர் என்ற மூவிலைச் செடியை நான் பிடுங்குவதில்லை. அது காற்றிலிருந்து நைதரசனைப் பிடித்துத் தரும், வெயிலிலும் பச்சையாக நிற்கும்.

ஒரு நாள் காலையில் எழுந்து பார்த்தால் முன்வளவை யாரோ கொத்திப் புரட்டியது போலிருக்கும். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள்மேல் பழி போடவேண்டாம். மண்ணுக்குள் ஐரோப்பிய சேஃபர் வண்டு, ஜப்பானிய வண்டு போன்றவற்றின் வெள்ளைப் புழுக்கள் இருக்கின்றன, அவற்றைத் தின்ன இரவில் ஸ்கங்கும் ரக்கூனும் வந்திருக்கின்றன. புழு வேரைத் தின்றிருந்தால் புல்லைப் பாய் சுருட்டுவது போல் கையால் சுருட்டி எடுக்கலாம். இதற்கு, அந்த வெள்ளைப் புழுக்களைக் கொல்லும் நெமடோட் என்ற கண்ணுக்குத் தெரியாத உயிர்ப்புழுக்களை வாங்கி விடவேண்டும். முட்டை பொரித்துப் புழு சின்னதாக இருக்கும் ஓகஸ்ட் கடைசி, செப்டெம்பர் தொடக்கம்தான் நேரம். வாங்கியதைக் குளிர்சாதனப்பெட்டியில் வைத்து, தரையை நன்றாக நனைத்து, வெயில் தாழ்ந்தபின் விட்டு, மீண்டும் தண்ணீர் பாய்ச்சவேண்டும். காய்ந்த மண்ணில் மத்தியான வெயிலில் விட்டால் காசுதான் போகும்.

இவ்வளவு பாடு எதற்கு என்று கேட்டால், பின்வளவு முழுவதும் புல்லாக இருக்கவேண்டும் என்று எவரும் கட்டாயப்படுத்தவில்லை. ஸ்காபரோவில் எத்தனையோ பின்வளவுகளில் பாதி கத்தரியும் மிளகாயும் பாகல் பந்தலும்தான். வெயில் படும் பக்கத்தை மரக்கறிக்குக் கொடுத்துவிட்டு, மிச்சத்தில் புல் வையுங்கள், பராமரிப்பும் பாதியாகும். மரம் நட அல்லது வேலிக்கம்பம் போட ஆழமாகத் தோண்டுவதானால் முன்கூட்டியே ஒன்ராறியோ வன் கோல் நிறுவனத்துக்கு அறிவியுங்கள். எரிவாயு, மின் இணைப்புகள் எங்கே போகின்றன என்று இலவசமாக அடையாளம் வைத்துத் தருவார்கள்.

நவம்பரில் கடைசி வெட்டை வழக்கமான உயரத்திலேயே வெட்டி, இலைகளை வாரிவிடுங்கள். ஈர இலைகள்மேல் பனி மூடிக்கிடந்தால் வசந்தத்தில் சாம்பல் பூஞ்சணத் திட்டுகள் தெரியும். நடைபாதை ஓரத்தில் பனி வழுக்காமல் போடும் உப்பைக் குறைத்து மணல் தூவினால் அந்தக் கரைப்புல் தப்பும். அப்புறம், உறைபனி தொடங்குமுன் தோட்டக் குழாயைக் கழற்றி, வெளிப்பைப்புக்குப் போகும் தண்ணீரை பேஸ்மென்டுக்குள் இருக்கும் வால்வில் மூடி, வெளிப்பைப்பைத் திறந்து மிச்சத் தண்ணீரை வடியவிடுங்கள். இல்லாவிட்டால் ஜனவரியில் உறைந்து வெடித்து, பேஸ்மென்டுக்குள் தண்ணீர் நிற்கும்.